அளவுகோல் யாருக்கு?

தோழனே!

முக்கொம்பு சென்றிருப்பாய். காவிரியிலிருந்து கொள்ளிடம் கிளைபிரியும் இடம். அங்கே நீரின் உயரத்தை நாள்தோறும் அளக்கிறார்கள். எதற்கு? ஆற்றைத் தண்டிக்கவா? "இத்தனை அடிதான் வந்தாய், தேறவில்லை, திரும்பிப் போ!" என்று விரட்டவா? இல்லை தோழனே, எந்த மதகை எவ்வளவு திறப்பது, எதை மூடுவது என்று முடிவு செய்யவே அளக்கிறார்கள். அளவு ஆற்றினுடையது, திருத்தமோ அளந்தவனுடையது!

இந்த எளிய உண்மை, பொறியியல் கற்பிக்கும் கூடங்களிலே மட்டும் தலைகீழாவதேன்?

மருங்காபுரியின் வானம் பார்த்த பூமியிலிருந்து மகனைத் திருச்சிக்குப் படிக்க அனுப்பும் தாயை எண்ணிப் பார். நுழைவுத் தேர்வு எனும் முள்வேலி 2007ஆம் ஆண்டு அகன்றது. அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு இடம், 2021ஆம் ஆண்டுச் சட்டத்தால் பொறியியலுக்கும் வந்தது. கட்டணத்தை அரசே ஏற்றது. கதவு திறந்தது, களித்தோம்! ஆனால், உள்ளே சென்றவன் நிலை என்ன? முதற் பருவத்துக் கணக்கிலே சறுக்கல். அடுத்த பருவத்திலே அதன் சுமை. இறுதியிலே பட்டத்துக்குப் பதில் 'அரியர்' மூட்டை! "பையனுக்குத் தகுதியில்லை" என்று தீர்ப்பளிக்கிறார்கள் பெரியவர்கள்.

கேட்கிறேன்: 60 பேர் அமர்ந்த வகுப்பிலே 45 பேர் ஒரே வினாவில் இடறி விழுந்தால், பழுது கால்களிலா, பாதையிலா?

இது என் கற்பனைக் கேள்வியன்று. 2014ஆம் ஆண்டு ஜூன் திங்களில், பொறியியல் கல்விக்கான வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா முழு உறுப்பு நாடாயிற்று. தேசிய தர அங்கீகார வாரியம் கல்லூரிகளிடம் கேட்பது இதைத்தான்: இப்பாடம் முடிந்ததும் மாணவன் எதைச் செய்ய வல்லவனாவான் என்று முன்கூட்டியே சொல், எந்த வினா எந்தத் திறனை அளக்கிறது என்று காட்டு, உள்மதிப்பீட்டையும் பருவத்தேர்வையும் கூட்டிப் பார், குறை தெரிந்தால், அடுத்த ஆண்டு கற்பிப்பதிலே என்ன மாற்றினாய் என்று எழுது!

நல்ல நெறி! ஆனால், ஆய்வுக் குழு வரும் நாளுக்காக அடுக்கிவைக்கும் கோப்பாக மட்டும் அது கிடந்தால், நோயாளியைப் பாராமல் வெப்பமானியைத் துடைத்து வைக்கும் மருத்துவமன்றோ அது? ஏற்கெனவே வகுப்புச் சுமை தாங்கும் ஆசிரியர் தலையிலே, இன்னும் ஒரு காகிதச் சுமையன்றோ அது?

கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன் நான். என்னை அளந்தார்கள், எண்ணைச் சொன்னார்கள், பாடத்தை யாரும் திருத்தவில்லை. நாடக மேடை என்னை ஏந்திக்கொண்டது. மருங்காபுரிப் பிள்ளைகள் அனைவருக்கும் மேடை கிடைக்குமா?

ஆகவே, கழகத் தோழனே, உன் ஊர்ப் பிள்ளை தோற்றுத் திரும்பினால், "எத்தனை மதிப்பெண்?" என்று அவனைக் கேட்பதோடு நிற்காதே. "எந்த இடத்தில் எத்தனை பேர் இடறினர்? அதற்குப் பின் எதை மாற்றினீர்கள்?" என்று கல்லூரியையும் கேள். பணிவோடு கேள், பதில் வரும்வரை கேள்!

2018ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், அதே முக்கொம்பிலே கொள்ளிட மேலணையின் மதகுகள் வெள்ளத்தில் உடைந்தன. வெள்ளத்தை வைதுகொண்டா இருந்தோம்? புதிய கதவணை கட்டினோம்.

அணைக்கு அளித்த அறிவை, பிள்ளைகளுக்கு மறுக்கலாமா?