ஒரே இரவில் பாடம் தயாராகாது

வேலை தெரிந்த ஆள் ஒருவர் இருந்தால் போதும், ஒரு மணி நேரப் பயிற்சியை முந்தின நாள் இரவே தயார் செய்துவிடலாம் என்ற நம்பிக்கை பல நிர்வாகங்களில் ஊறிக் கிடக்கிறது. திண்டுக்கல், வேடசந்தூர் வட்டார மில்கள் முதல் சென்னை ஐடி அலுவலகங்கள் வரை இதே கணக்குதான். தவறான கணக்கு.

நூற்பு மில்லின் ரிங் பிரேமில் அறுந்த இழையை ஒட்டுவது சில நொடி வேலை. எப்படி ஒட்டுவது என்று அதை இயக்கும் பழுத்த சைடர் ஒருவரிடம் கேட்டால், “கை தன்னால போகும்” என்பதற்கு மேல் சொல்லத் தெரியாது. ஸ்பிண்டிலை நிறுத்தி, பாபினில் இழையின் நுனியைத் தேடி எடுத்து, டிராவலரில் கோத்து, முன் ரோலரில் இறங்கும் பஞ்சோடு சேர்க்க வேண்டும். அந்தத் ‘தன்னால’வை இப்படிப் படிப்படியாகப் பிரித்து எழுதி, புதிதாகச் சேர்ந்த ஒருவரிடம் சொல்லிப் பார்த்து, அவர் தடுமாறும் இடத்தைத் திருத்த வேண்டும். ஒடியா, இந்தி பேசுகிறவர்களுக்கு மறுபடியும் முதலிலிருந்து.

2010-இல் அமெரிக்காவின் சாப்மன் அலையன்ஸ் நிறுவனம் பாடம் தயாரிப்பவர்களிடம் கணக்கெடுத்தது. நேரில் நடத்தும் ஒரு மணி நேர வகுப்புக்குத் தயாரிப்பு சராசரியாக 43 மணி நேரம். எளிய கணினிப் பாடத்துக்கே 79. சராசரிதான், விலைப்பட்டியல் அல்ல. ஆனாலும் ஒரே இரவு எங்கே, 43 மணி எங்கே!

அவசரம் என்பார்கள். இரண்டாம் உலகப் போரின் அவசரத்தில்கூட, அமெரிக்கத் தொழிற்சாலைகளில் மேற்பார்வையாளர்களுக்கு முதலில் சொல்லித் தந்தது, வேலையைப் படிகளாகப் பிரித்து எழுதிவிட்டுக் கற்பிக்கத்தான்.

ஒரே இரவு போதும் என்ற நம்பிக்கையால் வரும் கேடு உற்பத்தியோடு நிற்பதில்லை; பாலியல் தொல்லையைத் தடுக்கும் பயிற்சியையும் அது பாழாக்கும். 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஆடை ஆலைத் தொழிலாளியான இளம்பெண் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர்மீதே குற்றம் சாட்டப்பட்டது. அதைத் தொடர்ந்து 2022 ஏப்ரலில் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கமும் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனமும் கையெழுத்திட்ட ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ அனைவருக்கும் அந்தப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. தொழிலாளர்களிடமிருந்தே கண்காணிப்பாளர்களைத் தேர்ந்து பயிற்றுவிக்கவும் வழி செய்தது. பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டம் விழிப்புணர்வுப் பயிலரங்குகளை அதற்கு முன்பே விதித்திருந்தது. சட்டப் பிரிவுகளைத் திரையில் வாசித்துக் காட்டுவது பயிற்சி ஆகுமா? எந்த இடத்தில் பயம், எந்தச் சொல் வலிக்கிறது, புகார் சொன்னால் வேலை என்னவாகும் என்று பெண்களிடம் உட்கார்ந்து கேட்காமல் அந்தப் பாடத்தின் முதல் வரியைக்கூட எழுத முடியாது. அவர்கள் மனம்விட்டுப் பேசவே சில நாட்களாகும்.

நிர்வாகிகளே, பயிற்சிக்குத் தேதி குறிக்கும் முன், தயாரிப்பவரிடம் எத்தனை நாள் வேண்டும் என்று கேளுங்கள். அத்தனை நாளும் அவரை ஷிப்ட் வேலையிலிருந்து விடுவியுங்கள்.