முதல் பக்கத்துக்கு ஒரு போட்டி

சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ 1966இல் புத்தகமாக வந்தது. அதன் ஆரம்பம் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அச்சேறிவிட்டது. ஐம்பதுகளின் கடைசியில் விஜயபாஸ்கரன் நடத்திய ‘சரஸ்வதி’யில் அது தொடராக வரத் தொடங்கியது. பத்திரிகை நின்றதும் தொடரும் நின்றுபோனது. எழுதியவருக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. தாமோதர ஆசானைச் சுற்றி உட்கார்ந்து இளவட்டங்கள் கதை கேட்கும் அந்த நாவல் பாதியில் நின்ற நிலையிலேயே வருடக்கணக்கில் கிடந்தது. படித்தவர்கள் அதை மறக்கவில்லை, எழுதியவரும் கைவிடவில்லை. மிச்சக் கதை அப்படித்தான் நமக்குக் கிடைத்தது.

நல்ல ஆரம்பம் ஒன்று கையில் இருந்தால் கதை என்றைக்காவது வந்து சேரும். அந்த நம்பிக்கையில்தான் இந்த வாரம் ஒரு யோசனை சொல்கிறேன். நம் குமரி மாவட்டத்தில் பதினைந்து வயதிலிருந்து இருபத்தொன்று வரை உள்ள பிள்ளைகளுக்குக் கதைத் தொடக்கப் போட்டி ஒன்று நடத்த வேண்டும். முழுக் கதை வேண்டாம். முதல் பக்கம் மட்டும் போதும்.

போட்டிக்கும் நம் ஊர் எழுத்துக்கும் பழைய உறவு உண்டு. தொ.மு.சி. ரகுநாதன் நெல்லையிலிருந்து நடத்திய ‘சாந்தி’ இதழின் சிறுகதைப் போட்டியில் சுந்தர ராமசாமியின் ‘தண்ணீர்’ முதல் பரிசு பெற்றது. வீரநாராயணமங்கலத்திலிருந்து பம்பாய்க்கு வேலைக்குப் போன நாஞ்சில்நாடன், ஊர் நினைப்பில் எழுதிய ‘விரதம்’ 1975இல் ‘தீபம்’ இதழில் வந்தது. அவருடைய முதல் கதை அது. ‘இலக்கியச் சிந்தனை’ அமைப்பு அதை அந்த மாதத்தின் சிறந்த கதையாகத் தேர்ந்தெடுத்தது. ஜெயமோகனின் ‘ரப்பர்’ 1990இல் அகிலன் நினைவு நாவல் போட்டியில் பரிசு பெற்றுப் புத்தகமானது. அவருக்கு அப்போது முப்பதுக்குள்தான் வயது. யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து, பெயர் தெரியாத ஒருவரின் கையெழுத்துப் பிரதியைப் பொறுமையாகப் படித்து, ‘இது எழுத்து’ என்று சொன்னதன் பலனை நாம் இத்தனை வருடமாக அனுபவித்துக்கொண்டிருக்கிறோம்.

இதில் ஒரு குறை உண்டு. அந்தப் போட்டிகள் எல்லாம் பெரியவர்களுக்கானவை. பதினாறு வயதுக்காரருக்கு என்று அப்படி எதுவும் இல்லை, இன்றைக்கும் இல்லை. குழந்தைகளுக்குக் ‘கோகுலம்’ இருந்தது, அதுவும் 2019இல் நின்றுவிட்டது. பள்ளிக் கல்வித் துறை ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ என்று சிறார் இதழ்கள் கொண்டுவருவது நல்ல காரியம். ஒன்பதாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளைக்கு? நேராகப் ‘பொன்னியின் செல்வன்’ எடுத்துக் கொடுக்கிறோம். அதைப் படிக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் பத்தாம் வகுப்பு மார்க்கை எதிர்பார்த்து இரவெல்லாம் தூங்காமல் கிடக்கிற, தங்கையோடு ஒரே அறையில் இருக்க முடியாமல் தவிக்கிற, வளைகுடாவில் இருக்கும் அப்பாவை வீடியோ காலில் மட்டுமே தெரிந்த பிள்ளைக்குத் தன்னைப் பற்றிய கதை எங்கே இருக்கிறது?

அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்து டல்சா நகரில் எஸ்.ஈ. ஹின்டன் என்ற பெண், தன் வயதுப் பிள்ளைகளைப் பற்றி உண்மையாகப் பேசும் புத்தகம் கிடைக்கவில்லையே என்று பதினைந்து வயதில் தானே எழுத உட்கார்ந்தாள். ‘தி அவுட்சைடர்ஸ்’ 1967இல் வெளிவந்தபோது அவளுக்கு வயது பதினெட்டு. இளையோர் நாவல் என்ற வகையே அங்கே அந்தப் புத்தகத்துக்குப் பிறகுதான் வலுப்பெற்றது. தமிழிலும் வழி திறந்திருக்கிறது. கீழடியை வைத்து உதயசங்கர் எழுதிய ‘ஆதனின் பொம்மை’ என்ற இளையோர் நாவலுக்கு 2023இல் பால சாகித்திய புரஸ்கார் கிடைத்தது.

நம் மாவட்டத்துப் புத்தகங்களிலேயே இந்த வயதின் கதைகள் இல்லாமல் இல்லை. ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ 1964இல் வந்தது. பனைவிளை என்ற ஊரில், பள்ளிக்கூடம் நின்று, வீட்டுக்குள் அடைபட்டு, பனையேறி மகன் மீது பிரியம் கொண்ட லிஸியின் கதை அது. பெரியவர்களுக்கான நாவல் என்று நாம் அலமாரியில் வைத்துவிட்டோம். பதினேழு வயதுப் பெண் ஒருத்தியிடம் அதைக் கொடுத்துப் பாருங்கள், ஒரே மூச்சில் முடிப்பாள். வெள்ளிகோட்டைச் சேர்ந்த மலர்வதி எழுதிய ‘தூப்புக்காரி’க்கு 2012இல் சாகித்திய அகாதெமியின் யுவ புரஸ்கார் கிடைத்தது. துப்புரவு வேலை செய்யும் கனகத்தின் மகள் பூவரசி அந்த நாவலில் பட்ட அவமானத்தை வேறு ஊர்க்காரர் யாரும் எழுதியிருக்க முடியாது. இரண்டு வருடம் கழித்து அதே விருது பத்மநாபபுரத்துக்காரரான ஆர். அபிலாஷுக்கு வந்தது. ‘கால்கள்’ நாவலின் நாயகி, போலியோவால் கால் பாதிக்கப்பட்ட இளம்பெண். அப்படியானால் இந்த மண்ணில் இளம் வயதின் கதைகளுக்குப் பஞ்சம் இல்லை. அந்த வயதிலேயே எழுதத் தொடங்குகிறவரைக் கண்டுபிடிக்கத்தான் ஏற்பாடு இல்லை.

பள்ளி, கல்லூரிகளில் கதைப் போட்டி நடக்காமல் இல்லை. அவற்றுக்கு நடுவராகச் சில முறை போயிருக்கிறேன். தலைப்பை அவர்களே கொடுத்துவிடுவார்கள். சுற்றுச்சூழல், போதை ஒழிப்பு, நாட்டுப்பற்று. இரண்டு மணி நேரத்தில் தொடக்கம், நடு, முடிவு எல்லாம் வந்துவிட வேண்டும். பிள்ளைகளும் பாவம், கிழக்கே சூரியன் உதித்தான் என்று தொடங்கி, கடைசிப் பத்தியில் கதாநாயகனைத் திருத்தி, ஒரு குறளோடு முடித்துவிடுவார்கள். ஒரு முறை ஒரு தாள் வந்தது. ஒரு பெண் பிள்ளை எழுதியது. அம்மா அண்டி ஆப்பீஸில், அதாவது முந்திரி ஆலையில், வேலை பார்க்கிறவள். முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெய் பட்டு அம்மாவின் விரல் நுனி கறுத்து, தோல் உரிந்திருக்கிறது. மகளின் வெள்ளைச் சட்டையை அவள் தொட மாட்டாள், மடக்கிக் கொடுக்கக்கூட மாட்டாள், கறை ஒட்டிவிடும் என்று. ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடும்போது மட்டும் அதன் ஓரத்தில் ஒரு கறுப்பு விரல் பதிந்துவிடுகிறது. பிள்ளை அதை ரப்பர் வைத்து அழிக்கப் பார்க்கிறாள். போகவில்லை. அதோடு நேரம் முடிந்துவிட்டது, கதை முடியவில்லை.

அந்தத் தாளைக் கூட இருந்த நடுவர் ஓரமாக ஒதுக்கினார். கதை முற்றுப்பெறவில்லை, கருத்து இல்லை, ‘அண்டி ஆப்பீஸ்’ என்பது கொச்சை என்று மூன்று காரணம் சொன்னார். “சார், இதுல கருத்து வேற வேணுமா?” என்று கேட்டேன். விதிமுறையை எடுத்துக் காட்டினார். விதிப்படி அவர் சொன்னது சரி. பரிசு சூரியன் உதித்த கதைக்குப் போயிற்று. ரப்பர் தேய்த்துத் தேய்த்து அந்த அட்டையின் ஓரம் என்ன ஆகியிருக்கும் என்று நான் இன்னமும் யோசிக்கிறேன். அந்தப் பிள்ளை அடுத்த பக்கத்தை எழுதினாளா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை, தாளில் எண் மட்டும்தான் இருந்தது.

முதல் பக்கம் போதும் என்று நான் சொல்வதற்கு அந்தத் தாள்தான் காரணம். ஒருவருக்குக் கண் இருக்கிறதா, காது இருக்கிறதா என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். கதையை முடிக்கிற வித்தையைப் பிறகு படித்துக்கொள்ளலாம், அதற்கு வயதும் வாசிப்பும் வேண்டும். ப்ளஸ் டூ பாடம், நீட் பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை டியூஷன் என்று ஓடுகிற பிள்ளையிடம் நாவல் கேட்டால் பயந்து ஓடிவிடும். ஒரு பக்கம் கேட்டால் பஸ் ஸ்டாப்பில் நின்றுகூட எழுதும்.

கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்குத் தொடக்கத்தின் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை. இசக்கியம்மன் கோயில் முற்றத்தில் இரவெல்லாம் நடக்க வேண்டிய கதை. வீசுகோல் நாணில் படுகிற அந்த முதல் கொஞ்ச நேரத்தில், பாடுகிற புலவர் கூட்டத்தைப் பிடித்தாக வேண்டும். பிடிக்காவிட்டால் ஆட்கள் வேட்டியைத் தட்டிக்கொண்டு கடலை வாங்கப் போய்விடுவார்கள். நம் தாத்தாமாரும் ஆச்சிமாரும் அப்படிக் கறாராகக் கதை கேட்டு வளர்ந்தவர்கள்.

போட்டியை எப்படி நடத்துவது? நான் நினைக்கிறபடி சொல்கிறேன், நடத்துகிறவர்கள் வசதிப்படி மாற்றிக்கொள்ளட்டும். தலைப்புக் கொடுக்கவே கூடாது. முந்நூறு வார்த்தைக்கு மேல் வேண்டாம். கையால் எழுதினாலும் சரி, செல்போனில் தட்டி அனுப்பினாலும் சரி. மொழியில் கை வைக்கக் கூடாது, இதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். விளவங்கோட்டுப் பிள்ளை மலையாளம் கலந்து எழுதுவான், தூத்தூர்ப் பிள்ளை கடற்கரைப் பேச்சில் எழுதுவாள், தோவாளைப் பிள்ளை வயலும் பூக்கடையும் பேசுகிற தமிழில் எழுதும். தொப்பில் முஹம்மது மீரான் பள்ளியில் மலையாளம் படித்தவர். தேங்காய்ப்பட்டணத்து முஸ்லிம் வீடுகளின் பேச்சை அப்படியே கொண்டுவந்து ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யை எழுதினார். அவருக்கு 1997இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அவருடைய முதல் பக்கத்தை யாராவது சிவப்பு மையால் திருத்தி, ஒழுங்காகத் தமிழ் படித்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பியிருந்தால் நமக்கு எவ்வளவு நஷ்டம்!

தேர்வை மூடிய அறைக்குள் செய்யாமல் எல்லோரும் கேட்க வாசிக்க வேண்டும். நாகர்கோவிலில் சுந்தர ராமசாமியின் வீட்டில் ‘காகங்கள்’ என்ற பெயரில் நண்பர்கள் கூடி, எழுதியதை வாசித்து, கேட்டவர்கள் மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொன்ன காலம் ஒன்று இருந்தது. அந்தப் பழக்கம் பிள்ளைகளுக்கும் வர வேண்டும். நூலகக் கூடத்தில் பெயர் சொல்லாமல் ஒவ்வொரு பக்கமாக வாசிக்கட்டும். நடுவர்களில் பாதிப் பேர் அதே வயதுக்காரர்களாக இருக்கட்டும். வாசித்து முடித்ததும் “பொறவு என்னாச்சு?” என்று கூட்டத்திலிருந்து எந்தப் பக்கத்துக்குக் குரல் வருகிறதோ அதற்குப் பரிசு கொடுக்கலாம். கேடயமும் சான்றிதழும் வேண்டாம். நல்ல நாவல்கள் ஒரு கட்டு கொடுங்கள், அதோடு நம் மாவட்டத்து எழுத்தாளர் ஒருவரிடம் மாதம் ஒரு நாள் உட்கார்ந்து அந்தக் கதையை எழுதி முடிக்க ஏற்பாடு செய்யுங்கள். எழுத்தாளர்களுக்கு இங்கே குறைவில்லை. கேட்டால் வருவார்கள்.

என்ன வரும் என்று நினைக்கும்போதே எனக்கு மனசு நிறைகிறது. குலசேகரம் பக்கம் விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு அப்பாவோடு ரப்பர் பால்வெட்டுக்குப் போய்விட்டு, சிரட்டைகளை நிமிர்த்தி வைத்து, எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்கிற பையன்கள் இருக்கிறார்கள். தோவாளையில் மாணிக்கமாலை கட்டுகிற வீட்டில் பிறந்து, பூ வாசனையே பிடிக்காத பெண் ஒருத்தி இருக்கக்கூடும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது சின்னத்துறையிலும் வள்ளவிளையிலும் எட்டு வயதாக இருந்த பிள்ளைகளுக்கு இப்போது பதினாறு, பதினேழு. கரைக்கு வராத வள்ளங்களைப் பற்றி ஊடகங்கள் எழுதின, அதிகாரிகள் அறிக்கை எழுதினார்கள். அந்த இரவுகளில் வீட்டுக்குள் விழித்துக் கிடந்த பிள்ளை இன்னும் எழுதவில்லை. எழுதச் சொல்லி நாம் வற்புறுத்தக் கூடாது. எழுத வேண்டும் என்று அதற்குத் தோன்றுகிற நாளில் வாங்கிப் படிக்க ஒரு இடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதற்குப் பெரிய செலவில்லை. மாவட்டம் முழுக்கக் கிளை நூலகங்கள் இருக்கின்றன, வாசகர் வட்டங்கள் இருக்கின்றன. வருடந்தோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது. ஒரு மாலை, ஒரு ஒலிபெருக்கி, நாற்பது நாற்காலி. வாசகர் வட்டத் தலைவர்களே, நூலகர்களே, தமிழாசிரியர்களே, இந்தக் கோடை விடுமுறைக்குள் உங்கள் ஊரில் ஒரு முறை நடத்திப் பாருங்கள். எந்த ஊரில் என்றாலும் தாள்களைப் படித்துக் கொடுக்க நான் வருகிறேன். முடியாத கதைகளை மட்டும் ஒதுக்கி வைத்துவிடாதீர்கள்.