கம்ப்யூட்டர் சீட்டு மட்டும் போதுமா?

டாக்டர் எழுத்தை மெடிக்கல் ஷாப்காரர்தான் படிக்க முடியும் என்று நாம் சிரித்துப் பேசுவது வழக்கம். ஆனால் இது சிரிக்கிற விஷயமில்லை. மருந்தின் மூலப்பெயரைப் புரியும்படி, கூடுமானவரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016-லேயே அன்றைய இந்திய மருத்துவக் கவுன்சில் விதி போட்டது. எத்தனை பேர் கடைப்பிடிக்கிறார்கள்?

பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு மருத்துவ அறிக்கை நீதிபதிக்கே புரியவில்லையாம். படிக்கும்படியான மருந்துச் சீட்டு நோயாளியின் அடிப்படை உரிமை, கம்ப்யூட்டர் சீட்டு வரும்வரை பெரிய எழுத்தில் எழுதுங்கள் என்று 2025 ஆகஸ்டில் கோர்ட் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு அங்கேதான் என்றாலும் நியாயம் எல்லோருக்கும் ஒன்றுதானே!

சரி, கம்ப்யூட்டர் சீட்டு வந்தால் எல்லாம் தீர்ந்துவிடுமா? பாதிதான் தீரும். என் மாமியாருக்கு சர்க்கரைக்கு ஒரு டாக்டர், இதயத்துக்கு ஒரு டாக்டர். இரண்டும் அச்சடித்த சீட்டுதான். ஆனால் ஒருவர் கொடுத்தது இன்னொருவருக்குத் தெரியாது. நாம்தான் சொல்லியாக வேண்டும்.

கம்ப்யூட்டர் பட்டியலில் பக்கத்துப் பெயரை அழுத்திவிட்டால் தப்பும் அழகாக அச்சாகி வரும். மூட்டுவாதத்துக்குத் தரும் மெதோட்ரெக்சேட் மாத்திரை வாரத்தில் ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டியது. 'தினமும்' என்று மாறி விழுந்தால் உயிருக்கே ஆபத்து.

டோலோ, கால்பால் இரண்டுமே பாராசிட்டமால்தான். காய்ச்சலுக்கு ஒன்று, உடம்பு வலிக்கு ஒன்று என்று சேர்த்துக் கொடுத்தால் டோஸ் இரட்டிப்பாகும். அளவு மீறினால் ஈரல் கெடும். மூலப்பெயர் சீட்டில் தெளிவாக இருந்தால் இதை நாமே கண்டுபிடித்துவிடலாம்.

பல வீடுகளில் மாத்திரை எடுத்துக் கொடுப்பது பெண்கள்தான். அதனால் எந்த மருந்து, எதற்கு, எப்போது, எத்தனை நாள் என்று தமிழிலும் அச்சடித்துத் தரவேண்டும். 1-0-1 என்றால் காலை, இரவு என்று எல்லாப் பாட்டிகளுக்கும் தெரியுமா?

அதுவரை, தோழிகளே, வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள். "பழைய மாத்திரையை நிறுத்தணுமா, சேர்த்துக் கொடுக்கணுமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். டாக்டர் கோபித்துக் கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். விழுங்கப் போவது நம் வீட்டு மனுஷர்!

- ஓர் இல்லத்தரசி, திண்டுக்கல்.