கதவைச் சுரண்டுமுன் கொஞ்சம் பொறுங்கள்!

வெள்ளம் வரும்போது இருக்கும் கஷ்டம் எல்லாருக்கும் தெரியும். வெள்ளம் வடிந்த பிறகு வரும் கஷ்டம் வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். 2023-ம் வருஷம் டிசம்பர் மாதம் 17, 18 தேதிகளில் தாமிரபரணிப் பிரதேசத்தில் பெய்த மழையை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்தது. வருஷம் முழுவதும் பெய்ய வேண்டிய மழைக்கும் அதிகமான மழை அது. ஆறு கரை புரண்டது. பாலத்தை ஒட்டிய சாலை அறுந்தது. ஏரல் என்னும் வியாபாரச் செழிப்புள்ள ஊர் சில நாட்கள் தீவாகி நின்றது.

சில மாதங்களுக்குப் பின் அந்த ஊரில் நண்பர் ஒருவருடைய வீட்டுக்குப் போயிருந்தேன். தாத்தா காலத்து வீடு. திண்ணை, தார்சா, பட்டாசாலை, உள்ளே சிவப்பு சிமென்டுத் தரை எல்லாம் உண்டு. இடுப்பளவு தண்ணீர் நின்ற அடையாளம் சுவரில் கோடு போட்டாற்போல் தெரிந்தது. கதவுகளும் ஜன்னல்களும் நீரில் ஊறி உப்பி, வர்ணம் தோல் உரிந்தது போலக் கழன்று தொங்கிற்று. கூலிக்கு வந்திருந்த வர்ணக்காரர் ஒருவர் அழிக் கதவை உப்புத்தாளால் பரபரவென்று தேய்த்துக் கொண்டிருந்தார். தேய்க்கத் தேய்க்கப் பச்சைத் தூள் மாவு போல் பறந்தது. நண்பருடைய பேத்தி, இன்னும் இரண்டு வயது நிரம்பாத குழந்தை, அந்தத் தூளில் தவழ்ந்து போய்க் கையை வாயில் வைத்துக் கொண்டது.

"இந்தப் பச்சை எந்தக் காலத்துப் பூச்சு, ஆச்சி?" என்று வீட்டுப் பெரியவளைக் கேட்டேன்.

"நான் வாக்கப்பட்டு வந்த வருஷம் பூசினது அய்யா அது. அதுக்கு மேல பெரியவன் கல்யாணத்துக்கு நீலம். அப்புறம் மக கல்யாணத்துக்குக் காப்பிக்கொட்டைக் கலர். இந்தக் கதவைச் சுரண்டினா இந்த வீட்டுக் கல்யாணமெல்லாம் ஒண்ணொண்ணா வரும்!" என்றாள் ஆச்சி.

ஆச்சி சொன்னது ரஸமான பேச்சுதான். ஆனால் அந்தக் கல்யாணங்களோடு கூட வேறொரு விருந்தாளியும் வெளியே வருகிறான். அவன் பெயர் காரீயம்.

நான் வர்ணக்காரரை நிறுத்தி, தண்ணீர் தெளித்து ஈரத்தோடு தேய்க்கும்படியும், குழந்தையை வேறு வீட்டுக்கு அனுப்பும் வரையில் பொறுக்கும்படியும் கேட்டுக் கொண்டேன். அவர் மரியாதையாகவே பதில் சொன்னார்: "செய்யலாம் ஐயா. ஆனா ஒரு நாள் வேலை ரெண்டு நாளாகும். அந்த ஒரு நாள் கூலியை யார் கொடுப்பாங்க?"

நேயர்களே, அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. இந்த வாரம் எழுத உட்கார்ந்ததற்குக் காரணமே அந்தக் கேள்விதான்.

*வர்ணத்துக்குள் ஒளிந்த விஷம்*

நம் வீடுகளில் ரஸம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. காரீயம் வேறு; அது விஷம். எண்ணெய் வர்ணத்தில் காரீயத்தைச் சேர்த்தால் பளபளப்பு நிற்கும், சீக்கிரம் உலரும், மழைக்கும் வெயிலுக்கும் ஈடு கொடுக்கும். பளிச்சென்ற மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் பச்சைக்கும் ஈயக் கலவை வெகு காலம் பயன்பட்டது. இரும்புக் கம்பிகளுக்கு முதற் பூச்சாகப் பூசும் செந்நிற மருந்திலும் அது உண்டு.

பூச்சு கெட்டியாக ஒட்டியிருக்கும் வரையில் பெரிய அபாயமில்லை. அது உரியும்போதும், உரசும்போதும், சுரண்டப்படும்போதும்தான் சங்கடம். தூள் தரையில் படிகிறது. தரையிலிருந்து குழந்தையின் கைக்கும், கையிலிருந்து வாய்க்கும் போகிறது. உடம்பு அதைச் சுண்ணாம்புச் சத்து என்று எண்ணி ஏமாந்து எலும்பில் சேமித்து வைக்கிறது. அங்கே அது பல வருஷங்கள் தங்கும். பின்னால் அந்தக் குழந்தை வளர்ந்து கர்ப்பவதியாகும்போது எலும்பிலிருந்து கரைந்து வயிற்றுச் சிசுவையும் அடையக் கூடும். ரத்தம் ஊறுவதை அது தடுக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, வளர்கிற மூளையைக் கெடுக்கிறது. ஜுரம் இல்லை, வலி இல்லை. பள்ளிக்கூடத்தில் "மந்தம்" என்றும் "துஷ்டை" என்றும் பெயர் வாங்கும் குழந்தையின் உடம்பில் ஈயம் இருக்கலாம் என்று யார் சந்தேகிப்பார்கள்?

சென்னையில் 3 முதல் 7 வயது வரையுள்ள 756 குழந்தைகளைச் சோதித்த ஆராய்ச்சி ஒன்று 2009-ல் வெளியாயிற்று. அவர்களுடைய ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்குச் சராசரி சுமார் 11 மைக்ரோகிராம் ஈயம் இருந்தது. 5 மைக்ரோகிராம் இருந்தாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அதை நீக்க வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2021-ல் சொல்லிற்று. அபாயமில்லாத அளவு என்று எதுவுமே கிடையாது என்பதும் அந்த ஸ்தாபனத்தின் தீர்மானம். இந்தியாவில் 27 கோடிக்கு மேற்பட்ட குழந்தைகள் இந்த 5 மைக்ரோகிராம் எல்லையைத் தாண்டியவர்கள் என்று ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதி 2020-ல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. வர்ணம் ஒன்றே இதற்குக் காரணமல்ல. பழைய பாட்டரிகளை உருக்கும் இடங்களும், கலப்படமுள்ள மசாலாப் பொடிகளும், மட்டமான பாத்திரங்களும் கூட்டாளிகள். ஆனால் நம் வீட்டுக்குள்ளேயே குடியிருக்கும் கூட்டாளி வர்ணந்தான்.

*பிறர் செய்தது*

இந்த விஷயம் நேற்றுக் கண்டுபிடித்ததல்ல. ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்து டாக்டர்கள் 1892-லேயே குழந்தைகளிடம் ஈய விஷத்தைக் கண்டார்கள். லாக்ஹார்ட் கிப்ஸன் என்ற டாக்டர் 1904-ல் காரணத்தையும் சொன்னார். வீட்டுத் தாழ்வாரத்தின் கைப்பிடிக் கம்பிகளில் பூசிய வர்ணம் வெயிலில் தூளாகிறது. குழந்தைகள் அதைத் தொட்டு விரலைச் சப்புகிறார்கள் என்றார். வெயிலும் தாழ்வாரமும் உள்ள ஊர் என்பதால், அவர் நம்முடைய வீடுகளைப் பற்றியே சொன்னது போல் இருக்கிறது அல்லவா? அந்த ராஜ்யத்தில் 1922-ல் குழந்தைகளுக்கு எட்டும் இடங்களில் அத்தகைய வர்ணத்தைத் தடுத்துச் சட்டம் வந்தது.

பணக்கார நாடான அமெரிக்கா இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் தூங்கி, 1978-ல்தான் வீட்டு வர்ணத்தில் ஈயத்தைத் தடுத்தது. ஆனால் விழித்துக் கொண்ட பிறகு ஒரு நல்ல காரியம் செய்தது. புது வர்ணத்தைத் தடுத்தால் பழைய சுவர் சுத்தமாகி விடுமா? ஆகாது. ஆகவே 1992-ம் வருஷத்துச் சட்டப்படி, 1978-க்கு முன் கட்டிய வீடுகளில் குடியிருக்கும் ஏழைக் குடும்பங்களுக்காக நகரசபைகளுக்கும் ராஜ்யங்களுக்கும் மான்யம் கொடுக்கத் தொடங்கினார்கள். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டுக்கு முதலிடம். வாடகை வீட்டின் சொந்தக்காரர் இந்தப் பணத்தால் வீட்டைச் சரி செய்து கொண்டால், குறைந்தது மூன்று வருஷம் அதைச் சின்னக் குழந்தையுள்ள எளிய குடும்பங்களுக்கே முதலில் கொடுக்க வேண்டும் என்று ஷரத்து. சர்க்கார் பணத்தால் வீட்டை அழகாக்கி வாடகையை ஏற்றிவிடும் தந்திரம் அங்கே பலிக்காது!

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்தப் பணத்தால் வீடு முழுவதையும் சுரண்டித் தள்ளுவதில்லை. முதலில் சோதனை, பிறகு உரசும் ஜன்னல்களை மாற்றுவது, உரிந்ததை ஈரத்தோடு எடுப்பது, நல்ல பூச்சை மேலே மூடிவிடுவது, கடைசியில் தரைத் தூசியை எடுத்து மறுபடியும் சோதனை. தூசியில் ஈயமில்லை என்று தெரிந்த பிறகே குழந்தை உள்ளே வரலாம்.

*நம் ஊர்க் கணக்கு*

நம் தேசத்தில் 2016-ல் விதி வகுத்தார்கள். 2017 நவம்பர் முதல், வீட்டு வர்ணத்தில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது. நல்ல விதி, சந்தேகமில்லை. அதற்கு முன் இருந்த நிலைமை என்ன? இந்தியா, சீனா, மலேசியா ஆகிய தேசங்களின் கடைகளில் வாங்கிய புது வர்ணங்களைச் சோதித்து 2006-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மூன்றில் இரண்டு வர்ணங்களில் 5000 பங்குக்குக் குறையாமல் ஈயம் இருந்தது. அந்த வர்ணமெல்லாம் எங்கே போயிற்று? நம் கதவுகளிலும் ஜன்னல்களிலும் தொட்டில்களிலும் இன்றும் இருக்கிறது. விதி கடைக்காரரைத்தான் கட்டுப்படுத்தும். ஆச்சி வீட்டு அழிக் கதவைக் கட்டுப்படுத்தாது. அந்தக் கதவுக்கென்று ஒரு காசு மான்யமும் நம் நாட்டில் ஏற்படவில்லை.

"அமெரிக்காவைப் போலச் செலவு செய்ய நமக்குச் சக்தி ஏது?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு என் பதில்: அவ்வளவு செலவு நமக்கு வேண்டியதே இல்லை. நம் பழைய வீட்டுச் சுவர்களுக்கு முன்னோர்கள் அடித்தது சுண்ணாம்பு. பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பும் காவியும் பூசிய சுவரில் ஈய வர்ணத்துக்கு வேலையில்லை. எண்ணெய் வர்ணம் ஏறியது பெரும்பாலும் கதவு, நிலை, ஜன்னல், கம்பி, சில வீடுகளில் சுவரின் அடிப்பாகம். அமெரிக்க வீட்டில் அடி முதல் முடி வரை பார்க்க வேண்டிய வேலை நம் வீட்டில் சில கதவுகளோடு முடிந்து போகும். வேண்டியது ஒரு நாள் அதிகக் கூலியும், நாலைந்து விரிப்புகளும், ஒரு சோதனைச் செலவுந்தான்.

பணமே வரவில்லையென்றும் சொல்ல முடியாது. 2023 வெள்ளத்துக்குப் பின் திருநெல்வேலி, தூத்துக்குடி ஜில்லாக்களில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 6000 ரூபாய் நிவாரணம் கொடுத்தார்கள். இடிந்த வீட்டைக் கட்ட 4 லட்சம் வரையிலும், சேதமான வீட்டைப் பழுது பார்க்க 2 லட்சம் வரையிலும் கொடுப்பதாகத் தமிழ்நாடு சர்க்கார் அறிவித்தது. 2024-ல், கிராமப்புறங்களில் 2000-01-க்கு முன் சர்க்கார் திட்டங்களில் கட்டிய இரண்டரை லட்சம் வீடுகளைப் பழுது பார்க்க 2000 கோடி ரூபாயில் ஒரு திட்டமும் அறிவித்தார்கள். 2000-க்கு முன் கட்டிய வீடுகள் என்பதைக் கவனியுங்கள். ஈய வர்ணம் தாராளமாக விற்ற காலத்து வீடுகள் அவை!

மராமத்துக்குப் பணம் வந்தால் சுரண்டல் வரும். உலர்ந்த சுரண்டல் வந்தால் தூள் வரும். வீட்டைக் காப்பாற்றக் கொடுத்த பணம் குழந்தையைக் கெடுத்து விடலாகாது. ஆகவே மராமத்து மான்யத்தோடு இரண்டு மூன்று ஷரத்துகள் சேரட்டும். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையோ கர்ப்பவதியோ உள்ள வீடாயின், ஈர வேலைக்கான அதிகக் கூலியைத் தனியாகக் கொடுக்கட்டும். ஜில்லாவுக்கு ஒன்றாவது, வர்ணத்தின்மேல் வைத்த மாத்திரத்தில் ஈயத்தைக் காட்டும் சோதனைக் கருவி இருக்கட்டும். புதிதாகப் பூசுகிற வர்ணம் 90 பங்கு விதிக்கு உட்பட்டது என்று டப்பாவில் அச்சிட்டிருப்பதைப் பார்த்த பிறகு தவணை கொடுக்கட்டும். வீடு கட்டும் திட்டங்களில் வேலையைப் பார்வையிட்டுத் தவணை தருவது வழக்கமாகையால், பார்வையிட வருகிறவர் கதவையும் ஒரு முறை பார்த்து விட்டுப் போகலாம்.

*அதுவரையில் நாம் செய்யக் கூடியது*

சர்க்கார் செய்யும் வரையில் நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. பழைய பூச்சு உரியாமல் இருந்தால் அதைத் தொடாதீர்கள். துடைத்து விட்டு மேலே புதுப் பூச்சுக் கொடுங்கள். உரிந்திருந்தால், வேலை முடியும் வரையில் குழந்தைகளையும் கர்ப்பவதிகளையும் வேறு வீட்டில் வையுங்கள். கீழே விரிப்புப் போட்டு, தண்ணீர் தெளித்துத் தேய்க்கச் சொல்லுங்கள். தீயால் சுட்டு உரிக்கவே கூடாது. விளக்குமாற்றால் பெருக்கினால் தூள் மறுபடி பறக்கும். ஈரத் துணியால் துடையுங்கள். வேலைக்காரர் வீட்டுக்குப் போகுமுன் கை கால் கழுவி உடுப்பை மாற்றிக் கொள்ளட்டும். அவர் வீட்டிலும் குழந்தை இருக்கிறது.

முக்கியமான விஷயம் ஒன்று. பழைய வர்ணம் பூசிய ஜன்னற் சட்டங்களை வெந்நீர் அடுப்பில் வைத்து எரிக்கிற வழக்கத்தை விட்டு விடுங்கள். புகையிலும் சாம்பலிலும் ஈயம் நிற்கும். அந்தச் சாம்பலையே எடுத்துப் பாத்திரம் துலக்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டுமா?

சாப்பாட்டுக்கு முன் குழந்தையின் கையைக் கழுவுங்கள். முருங்கைக் கீரையும் கேழ்வரகும் பாலும் தாராளமாகக் கொடுங்கள். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் நிறைந்த உடம்பில் ஈயம் சுலபமாக நுழைவதில்லை. சந்தேகமிருந்தால் டாக்டரிடம் கேட்டு ரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள்.

அன்று ஏரலில், ஆச்சிதான் வழக்கைத் தீர்த்து வைத்தாள். இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, "ரெண்டு நாள் கூலியும் நான் தாரேன். தண்ணி தெளிச்சே தேய் அய்யா!" என்றாள். பேத்தி அடுத்த தெருவுக்கு அத்தை வீட்டுக்குப் போனாள். சுருக்குப் பையில் பணமுள்ள ஆச்சி இருந்தபடியால் அந்தக் குழந்தை பிழைத்தது. அந்த மாதிரி ஆச்சி இல்லாத வீட்டுக் குழந்தைக்கு யார் சுருக்குப் பையை அவிழ்ப்பது? அது நம் எல்லாருடைய பொதுப் பையாகத்தான் இருக்க வேண்டும்.