ஏட்டைத் திறந்தவர் யார்?

நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு, ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை முதலாம் ராஜராஜன் கொடையாகக் கொடுத்தான். அதைச் சொல்லும் செப்பேடு பிற்காலத்தில் ஹாலந்துக்குப் போய், லெய்டன் நகரின் பெயரையே பெற்றுவிட்டது. கடல் கடந்த உறவுக்கும் பௌத்த விகாரத்துக்கும் சான்றாகத்தான் பெரும்பாலும் அதைப் படிக்கிறோம். கொடை கணக்கில் ஏறிய விதத்தையும் ஒருமுறை நின்று பார்க்கலாம்.

அரசன் வாயால் சொன்னான். திருவாய்க்கேள்வி என்று அதற்குப் பெயர். கேட்டவர் ஓலையில் எழுதினார். திருமந்திர ஓலைநாயகம் என்ற பதவியில் இருந்தவர்கள் அதைச் சரிபார்த்தார்கள். பிறகு விஷயம் புரவுவரித் திணைக்களத்துக்குப் போய் வரிப் பதிவேட்டில் ஏறியது. ஏறும்போது உடனிருந்தவர்கள் யார், இன்னின்ன பதவியில் இருந்தவர்கள் யார் என்பதெல்லாம் பெயர் பெயராக வருகிறது. கடைசியில் பெண் யானையை ஊர் எல்லை சுற்றி நடத்தி, கள்ளியும் கல்லும் நட்டு, உடன் நடந்தவர்களின் பெயரையும் எழுதிக்கொண்டார்கள். ஒரு ஊரின் வரி ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாறுவதற்கு இத்தனை பேர் பொறுப்பு. பதிவில் பிழை வந்தால் யாரைக் கேட்பது என்பது அந்தப் பதிவுக்குள்ளேயே இருந்தது.

சோழர் காலத்தைப் பொற்காலமாக்க இதைச் சொல்லவில்லை. கோயில் சுவரில் வெட்டியதை ஊரே படித்தது என்று நினைக்க இடமில்லை. அந்தச் சுவரை நெருங்கவே பலருக்கு அனுமதி கிடையாது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏட்டில் என்ன இருக்கிறது என்பதோடு, ஏட்டைத் தொட்டவர் யார் என்பதும் அன்று எழுதப்பட்டது. உத்திரமேரூரில் கிடைக்கும் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு இன்னும் கடுமையானது. ஊர்ச்சபை வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலையில் பெயர் எழுதத் தகுதியற்றவர். அரசு வைத்திருக்கும் தகவலை எப்படிப் பராமரிப்பது, எப்படிப் பகிர்வது, எப்படிக் காப்பது என்று இன்று நடக்கும் பேச்சில் சர்வர், கிளவுட், குறியாக்கம் எல்லாம் வருகின்றன. ஏட்டைத் தொட்டவரின் பெயர் மட்டும் வருவதில்லை.

பிற்காலத்தில் ஏடு ஊர்க் கணக்கரான கர்ணத்தின் வீட்டுக்குப் போனது. பரம்பரை வேலை, அப்பாவின் கணக்கு மகன் கைக்கு வரும். எந்த வயல் யாருடையது, எது தரிசு, எது இனாம், ஏரிப் பாசனம் எதுவரை என்பதெல்லாம் பாதி ஏட்டிலும் பாதி அவர் தலையிலும் இருக்கும். கிழக்கிந்தியக் கம்பெனி இந்தத் தலையைக் கண்டு பயந்தது. பாராமகாலில் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் 1792க்குப் பிறகு நிலத்தை அளக்கத் தொடங்கியதற்கும், உழவரோடு நேரடியாக வரி பேசும் ரயத்துவாரி முறை பிறந்ததற்கும் பின்னால், உள்ளூர்க் கணக்கை நம்ப முடியாது என்ற எண்ணமும் இருந்தது. 1802இல் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலைப் பக்கத்தில் அடிக்கோடு அளந்தார். 1858இல் சென்னை மாகாணத்துக்கு முறையான நில அளவைத் துறை வந்தது. சர்வே எண், புல வரைபடம், 'ஏ' பதிவேடு, அடங்கல், சிட்டா என்று இன்றும் நாம் புழங்கும் சொற்கள் பெரும்பாலும் அந்த நூற்றாண்டின் வேலை. இவ்வளவு அளந்த பிறகும் வெள்ளைக்கார கலெக்டர் கர்ணத்தைத்தான் கூப்பிட்டனுப்ப வேண்டியிருந்தது. மாவட்டக் கச்சேரியில் இருந்த சிப்பந்திகள் மேலதிகாரிக்கு எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று எவ்வளவு நுணுக்கமாக முடிவு செய்தார்கள் என்பதை ராபர்ட் ஃபிரைக்கன்பர்க் குண்டூர் மாவட்டத்தை வைத்து எழுதிய 1965ஆம் ஆண்டு நூல் விரிவாகக் காட்டுகிறது.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஒரே அவசரச் சட்டத்தில் அந்தப் பரம்பரையை முடித்தது. பகுதிநேர கிராம அலுவலர் பதவிகள் இருபதாயிரத்துக்கும் மேல் ஒழிக்கப்பட்டன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1982இல் அரசுக்குச் சாதகமாக முடிந்தது. கிராம நிர்வாக அலுவலர் வந்தார். அது துணிச்சலான முடிவு, சரியான முடிவும்கூட. ஏடு வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு வந்தது. ஆனால் தலையில் இருந்த பாதிக் கணக்கு வரவில்லை. அதே காலத்தில்தான் யு.டி.ஆர். என்று நாம் சொல்லும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. உட்பிரிவு மாறியது, அப்பா பெயர் மாறியது, பங்காளி பெயர் விடுபட்டது, பத்து சென்ட் பக்கத்துக்காரருக்குப் போனது என்று அப்போது விழுந்த பிழைகளுக்காகக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் இன்றும் மனு வந்துகொண்டிருக்கிறது. பின்னால் கணினியில் ஏற்றியபோது பிழையும் சேர்ந்து ஏறியது. பிழையான ஏட்டைக் கணினியில் ஏற்றினால், பிழை வேகமாகக் கிடைக்கும், அவ்வளவுதான்.

இன்னொரு பிளவு 1908இன் பதிவுச் சட்டத்தோடு உறைந்துபோனது. கிரயப் பத்திரம் பதிவுத் துறையில். பட்டா வருவாய்த் துறையில். ஒரே நிலம், இரண்டு ஏடு, இரண்டு பெயர். வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கும், பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கும். 2018இல் பதிவுத் துறையின் ஸ்டார் 2.0 மென்பொருள் வந்ததும், அதை வருவாய்த் துறையின் 'தமிழ் நிலம்' மென்பொருளோடு இணைத்ததும், உட்பிரிவு தேவையில்லாத இடங்களில் பத்திரம் பதிவானவுடன் பட்டா மாறுவதும் நூறாண்டுத் தொல்லையைத் தொட்ட மாற்றங்கள். துறைகள் தகவலைப் பகிர்வதே ஆபத்து என்று பேசுபவர்கள், தாலுகா ஆபீஸ் வரிசையில் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் நகல் நகலாகக் கையில் பிடித்து நிற்கும் பெண்ணைப் பார்த்திருக்க மாட்டார்கள். அரசு தானே கொடுத்த சான்றை அரசின் இன்னொரு மேசைக்கு அவர் சுமந்துபோக வேண்டியிருக்கிறது.

ஆனால் ஏடு கைமாறும்போது என்ன நடக்கும் என்பதைத் தமிழர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. குற்றப் பரம்பரைச் சட்டத்தைத் தென்மாவட்ட மக்கள் இன்றும் ரேகைச் சட்டம் என்றுதான் சொல்கிறார்கள். 1871இல் வடக்கே பிறந்து, 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்தில் கால் வைத்த அந்தச் சட்டம் ஒரு சமூகத்தையே பதிவேட்டில் ஏற்றி, விரல் ரேகை எடுத்து, இரவில் எங்கே படுக்கிறான் என்று கணக்குக் கேட்டது. உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் ரேகை கொடுக்க மறுத்தவர்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. பதினைந்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். ஒரு பதிவேட்டில் ஏற மறுத்ததற்காக மக்கள் உயிர் கொடுத்த இடம் அது. நில உரிமைக்காக ஏட்டில் பெயர் ஏற வேண்டும் என்று போராடியவர்களும் இதே மண்ணில் இருந்தார்கள். இரண்டும் ஒரே நியாயத்தின் இரு பக்கங்கள்: என் பெயரை எதற்காக எழுதுகிறாய் என்பதில் எனக்குச் சொல் இருக்க வேண்டும்.

1983 ஜூலையில் கொழும்பில் நடந்தது இதைவிடக் கொடியது. தமிழர் வீடுகளையும் கடைகளையும் தேடி வந்த கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல்கள் இருந்தன என்று தப்பியவர்களும் பத்திரிகையாளர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தப் பட்டியல் ஓட்டுப் போடுவதற்காகத் தயாரானது. அதில் பொய் ஒன்றும் இல்லை. முகவரி சரியாக இருந்ததுதான் கொலைக்கு உதவியது. பிழையில்லாத தரவு நல்ல தரவு என்று அரசாங்கத் தாள்களில் எழுதுகிறார்கள். அந்த வாரம் கொழும்பில் பிழை இருந்திருந்தால் சிலர் பிழைத்திருப்பார்கள்.

ஒரு காரியத்துக்கு வாங்கிய தகவல் வேறு காரியத்துக்குப் போகக் கூடாது என்பது நம் சட்டத்துக்குப் புதிதல்ல. 1948இன் மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். கணக்கெடுப்பாளரிடம் நீங்கள் சொன்னதை இன்னொருவர் கேட்டு வாங்கிப் பார்க்க முடியாது. அந்தச் சட்டத்தை மீறிய குற்றத்துக்கான வழக்கு தவிர மற்றவற்றில் பொதுவாகச் சாட்சியமாகக் காட்டவும் முடியாது. சுதந்திரம் வந்த மறு ஆண்டே, பிரிவினையின் ரத்தம் காயும் முன், இப்படி ஒரு வேலி போடத் தோன்றியிருக்கிறது. 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்ன புட்டசாமி தீர்ப்புக்கு இந்தப் பழைய வேலியும் ஒரு முன்னோடிதான்.

இன்றைய ஏடுகள் ஒன்றோடொன்று பேசுகின்றன. கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரில் தொடங்கியபோது அதை நாடே பார்த்தது. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் ஐந்து ஏக்கருக்குள், ஆண்டு மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள், கார் கிடையாது. ரேஷன் கார்டும் மின் இணைப்பும் நிலப் பதிவும் வாகனப் பதிவும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய், இடைத்தரகர் இல்லாமல், வங்கிக் கணக்குக்கே போனது. விடுபட்டவர்களுக்குக் காரணம் சொல்லிக் குறுஞ்செய்தி அனுப்பி, கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய 30 நாள் கொடுத்ததையும் பாராட்ட வேண்டும். பல மாநிலங்களில் அதுகூடக் கிடையாது. ஆனாலும் ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம் இருந்தால் யூனிட் யாருடையது? விற்றுப் பெயர் மாறாத கார் யாருடையது? எந்த ஏட்டின் எந்த வரி தன்னைத் தட்டிவிட்டது என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தால்தான் மேல்முறையீட்டுக்கு அர்த்தம் உண்டு.

மத்திய அரசின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. தனியார் நிறுவனங்களுக்குக் கடிவாளம் போட்டது நல்லது. அரசு என்று வரும்போது கடிவாளம் அரசின் கையிலேயே இருக்கிறது: தான் குறிப்பிடும் அரசு அமைப்புகளுக்கு மத்திய அரசு விலக்கு அளிக்கலாம் என்று பிரிவு 17 சொல்கிறது. கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் ஒரு வாசலைச் சாத்தியது. தனிநபர் தகவல் என்றாலும் பொதுநலன் இருந்தால் கொடுக்கலாம் என்று அந்தப் பிரிவிலேயே 2005இல் இருந்த வாசகம் போய்விட்டது. பொதுநலனை எடைபோட இன்னொரு பிரிவு மிச்சம் இருக்கிறது என்று அரசு பதில் சொல்கிறது. ராஜஸ்தானில் ஏழைத் தொழிலாளர்கள் ஊர் நடுவே கூலிப் பட்டியலை உரக்கப் படித்து, வேலையே செய்யாதவர் பெயரில் கூலி போனதைக் கண்டுபிடித்த போராட்டத்தில் பிறந்தது தகவல் அறியும் உரிமைச் சட்டம். கூலிப் பட்டியலும் தனிநபர் தகவல்தான் என்று நாளை ஒரு பொதுத் தகவல் அலுவலர் எழுதினால் என்ன செய்வது? பாதுகாப்பு என்ற சொல்லுக்கு நம் அலுவலகங்கள் நெடுங்காலமாகக் கொண்ட பொருள் பீரோவைப் பூட்டுவது. குடிமகனிடமிருந்து ஏட்டைக் காப்பாற்றும் பழக்கம் இருக்கிறது. ஏட்டைத் திறக்கும் ஆளிடமிருந்து குடிமகனைக் காப்பாற்றும் பழக்கம் இனிமேல்தான் வர வேண்டும்.

எஸ்டோனியா பதின்மூன்று லட்சம் பேர் கொண்ட சின்ன நாடு. அதை நமக்கு முழு மாதிரியாகக் கொள்ள முடியாது. சில ஏற்பாடுகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஒரே தகவலுக்கு இரண்டு தனித் தரவுத்தளம் வைக்கச் சட்டமே தடை. 2001 முதல் அங்கே துறைகள் எக்ஸ்-ரோடு என்ற பொது வழியில் தகவல் பரிமாறிக்கொள்கின்றன. தன்னைப் பற்றிய தகவலை எந்த அலுவலகம் எப்போது பார்த்தது என்று குடிமகன் பல பதிவேடுகளில் தானே பார்க்க முடியும். ஆதாரிலும் இதன் ஒரு துண்டு உண்டு. உங்கள் எண்ணை எந்தத் தேதியில் யார் சரிபார்த்தார்கள் என்று கடைசி ஆறு மாதக் கணக்கை அதன் இணையதளத்தில் பார்க்கலாம். ஆக, நம்மால் முடியாத காரியம் அல்ல. பட்டாவுக்கும் ரேஷன் கார்டுக்கும் ஓய்வூதியத்துக்கும் அதே கண்ணாடியை ஏன் மாட்டவில்லை என்பதுதான் கேள்வி. மென்பொருளுக்குள் நுழையும் அலுவலருக்குத் தனிப் பயனர் பெயர் இருக்கும்போது தடம் எங்கோ விழத்தான் செய்யும். அதைப் பட்டாதாரர் கண்ணில் காட்ட வேண்டும்: பெயரை மாற்றியவர், மாற்றிய தேதி, எந்த மனுவின் பேரில், சும்மா திறந்து பார்த்த அலுவலகங்கள் எவை. காவல்துறை விசாரணைக்குப் பார்த்ததைக் கொஞ்ச காலம் மறைத்துவைக்கலாம், என்றைக்குமாக அல்ல.

இதற்கு ஏற்ற மேடையும் நம்மிடம் இருக்கிறது. ஆண்டுதோறும் பசலி என்ற வருவாய் ஆண்டு முடியும் முன், மே, ஜூன் மாதங்களில் தாலுகா தாலுகாவாக ஜமாபந்தி நடக்கிறது. கிராமக் கணக்குகளைக் கட்டிக்கொண்டு வி.ஏ.ஓ.க்கள் வருவார்கள், கலெக்டரோ அவருக்குக் கீழுள்ள அதிகாரியோ உட்கார்ந்து தணிக்கை செய்வார்கள், மக்களும் மனுவோடு வருவார்கள். வரி முக்கியமாக இருந்த காலத்துச் சடங்கு, இப்போது பெரும்பாலும் மனு வாங்கும் நாளாகச் சுருங்கிவிட்டது. அடங்கல் இரண்டாம் நம்பர் கணக்கு, சிட்டா பத்து-ஒன்று என்று நம்பர் போட்டு அடுக்கிய அந்தக் கட்டில் இன்னொரு நம்பரைச் சேர்க்கலாம்: அந்த ஆண்டில் அந்தக் கிராமத்தின் பதிவுகளைத் திருத்தியவர்கள், பார்த்தவர்கள், கேட்டு வாங்கிய துறைகள். மற்றக் கணக்குகளோடு அதையும் தணிக்கை செய்து, அவரவர் நிலத்துக்கான பக்கத்தை அவரவருக்குக் காட்டலாம். கிராமக் கணக்கின் வடிவம் வருவாய் நிலையாணைகளில் இருப்பது. சட்டமன்றம் கூட வேண்டியதில்லை, ஒரு அரசாணை போதும். அடுத்த பசலி ஜூலை முதல் தேதி பிறக்கிறது.