சர்க்கரை வியாதிப் பூனை தட்டை ஒதுக்கினால்...

பூனைக்குக்கூடவா சர்க்கரை வியாதி என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வரும், சகோதரிகளே. நடு வயதைத் தாண்டி, கு.க. ஆபரேஷன் ஆகி, வீட்டுக்குள்ளேயே கொழுகொழுவென்று வளர்ந்த கடுவன்களுக்கு அதிகமாகவே வரும். தண்ணீரைக் குடம் குடமாகக் குடிக்கும், ஓயாமல் மூத்திரம் போகும், தின்னத் தின்ன இளைக்கும். பூனைகளுக்கு இதற்கு முக்கிய வைத்தியம் இன்சுலின் ஊசிதான். பெரும்பாலும் காலை, மாலை இரண்டு வேளை, 12 மணி நேர இடைவெளியில்.

எங்கள் திருவண்ணாமலையில் எனக்குத் தெரிந்த ஒரு மாமி தன் பூனைக்கு இப்படித்தான் போட்டு வருகிறார். போன மாதம் அவர் கேட்டது: "காலையிலேர்ந்து மோந்துகூடப் பார்க்கலை. ரெண்டு தரம் வாந்தி வேற. இப்ப ஊசி போடறதா, வேண்டாமா?" இது லேசான கேள்வி இல்லை. பூனையின் உயிரே இதில்தான் இருக்கிறது.

வயிற்றில் ஒன்றும் இல்லாதபோது வழக்கமான அளவை அப்படியே ஏற்றினால் ரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். தள்ளாடும், நடுங்கும், வலிப்புக்கூட வரும். ஆகவே ஊசியைக் கையில் எடுக்கும் முன் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். பாதி போடச் சொல்வாரோ, நிறுத்தச் சொல்வாரோ, அது அவர் பொறுப்பு. அவர் கிடைக்கவே இல்லையென்றால், ஒரு வேளை தவறுவதைவிடச் சர்க்கரை இறங்கிப்போவதுதான் பெரிய ஆபத்து என்பதை நினைவில் வையுங்கள். அதற்காக "சாப்பிடற வரைக்கும் ஊசியே வேண்டாம்" என்று நாலு நாள் விட்டுவிடவும் கூடாது. இன்சுலின் இல்லாத உடம்பு கொழுப்பைக் கரைக்க ஆரம்பித்து, ரத்தத்தில் ஒருவித அமிலம் சேரும். வாயில் அழுகின பழம் மாதிரி வாடை, விடாத வாந்தி, ஆழமான மூச்சு, துவண்டு படுத்தல் இவை தெரிந்தால் அதே நேரம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

சர்க்கரை இறங்கிய அறிகுறி தெரிந்தால் தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ விரலில் தொட்டு ஈறில் தடவுங்கள். மயங்கிக் கிடக்கிற ஜீவனின் வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். தடவிவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள்.

பூனை பட்டினி கிடக்க முடியாத பிராணி. நாய் ஒரு நாள் சும்மா கிடந்து தேறிவிடும். பூனை, அதிலும் குண்டுப் பூனை, இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். 24 மணி நேரம் ஒன்றுமே தின்னவில்லையென்றால் காத்திருக்க வேண்டாம். சர்க்கரைப் பூனை வழக்கமாக அகோரப் பசிக்காரன். அவனே தட்டை ஒதுக்குகிறான் என்றால் கணையத்தில் வீக்கமோ, சிறுநீரகக் கோளாறோ, மூத்திரத்தில் கிருமியோ, சொத்தைப் பல்லோ, ஏதோ ஒன்று உள்ளே இருக்கலாம்.

பூனை வாசனையைக் கொண்டுதான் சாப்பிடும். ஃப்ரிஜ்ஜிலிருந்து எடுத்த ஜில்லென்ற தீனியை அது தொடாது. உப்பில்லாமல் வேகவைத்த கோழியைப் பிய்த்து, அந்த வெந்நீரிலேயே பிசைந்து, வெதுவெதுப்பாக ஒரு ஸ்பூன் வையுங்கள். முள் நீக்கிய மீனும் ஆகும். வெங்காயம், பூண்டு வாசனைகூட வேண்டாம், அவை பூனையின் ரத்த அணுக்களை அழித்துவிடும். சைவ வீட்டுக்காரர்கள் கடையில் கிடைக்கும் ஈரப் பதமான பூனைத் தீனி பாக்கெட்டை வாங்கி வைத்துக்கொள்ளலாம். பால் சாதமும் தயிர் சாதமும் போட்டே பழக்கிய வீடுகள் நம் ஊரில் எத்தனை! வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, பேதியாகும். சாதமோ சர்க்கரையை ஏற்றும். பூனை மாமிச பட்சிணி; அதை நம் ஆசாரத்துக்கு மாற்ற முடியாது. ஒன்றுமே இறங்காத நாளில் மட்டும் பத்தியம் பார்க்காதீர்கள். எதைத் தின்கிறதோ அதைத் தின்னட்டும்.

கை வைத்தியத்தில் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் ஓமத் தண்ணீர், வசம்பு, கிரைப் வாட்டர் எல்லாம் குழந்தைகளோடு நிற்கட்டும். பாரசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். அந்த மருந்தை முறிக்கிற சக்தி அதன் ஈரலுக்குப் போதாது. ஓ.ஆர்.எஸ். பொடியில் குளுக்கோஸ் இருப்பதால் கேட்காமல் கொடுக்காதீர்கள். பெரியவர்களின் சர்க்கரை மாத்திரையும் வேண்டாம், மெட்ஃபார்மினே பசியைக் கெடுத்து வாந்தியை உண்டாக்கும். (குப்பைமேனிச் செடியைக் கண்டால் பூனைகள் கிறங்கி உருளும். அதற்குப் பூனைவணங்கி என்றே பெயர். அந்த வேடிக்கையை மருந்தென்று நினைத்துவிடாதீர்கள்!)

சிரிஞ்சு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இங்கே இன்சுலின் மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என்று இரண்டு விதம் கிடைக்கிறது. 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. சிரிஞ்சு மாறினால் அளவு இரண்டரை மடங்கு கூடும் அல்லது குறையும். கடைக்காரர் கொடுத்ததை வாசலிலேயே பார்த்து வாங்குங்கள். மருந்தை ஃப்ரிஜ்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் கூடாது.

"ஒரு பூனைக்குப் போய் இவ்வளவா?" என்று சிலர் இடிக்கிறார்கள். ரமணாசிரமத்தில் லட்சுமி என்ற பசுவுக்கு, 1948-ல் அது இறந்தபோது, சமாதியே கட்டியிருக்கிறார்கள். மானுக்கும் காக்கைக்கும் நாய்க்கும்கூட அங்கே சமாதி உண்டு. அந்த ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? ஆரம்பத்திலேயே கவனித்தால் சில பூனைகளுக்கு ஊசியே தேவைப்படாத நிலையும் வருவதுண்டு.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒன்று. கார்த்திகை தீபம், பௌர்ணமி நாட்களில் கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோ நகராது. தீபாவளி வெடிக்குப் பயந்து கட்டிலடியில் போய்ப் படுத்துப் பட்டினி கிடக்கிற பூனைகளும் உண்டு. ஆகவே முதல் நாளே டாக்டரின் நம்பர், தேன், புது சிரிஞ்சு, பூனைக் கூடை எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பெரிய சிகிச்சை வேண்டுமென்றால் சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. போகும்போது எத்தனை யூனிட் எப்போது போட்டீர்கள், கடைசியாக என்ன தின்றது, எத்தனை தரம் வாந்தி என்று ஒரு காகிதத்தில் எழுதி எடுத்துப் போங்கள்.