உடம்பு அளக்கும் காயம்

அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன் நடந்தது 1988-இல். வலது விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குத் தையல். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்வார். பத்து நாள் ஆஸ்பத்திரி வாசம். போன மாதம் தங்கைக்கும் அதே ஆபரேஷன், நான்கு துளைகள். மறுநாள் இரவு வீட்டில் உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டாள்.

தழும்பு சிறிது, வலி குறைவு என்றுதான் எல்லோரும் பேசுகிறோம். எனக்குப் பெரிதாகப் படுவது உள்ளே நடப்பது. கத்தியைப் பிடித்தவர் டாக்டர் என்று உடம்புக்குத் தெரியாது. எவ்வளவு திசு சிதைந்தது என்பதைத்தான் அது அளக்கிறது. காயம்பட்ட சில மணி நேரத்தில் இன்டர்லூக்கின்-6 என்ற புரதம் ரத்தத்தில் ஏறுகிறது. அந்தச் சேதி எட்டியதும் கல்லீரல் சி.ஆர்.பி. என்ற இன்னொரு புரதத்தைச் சுரக்கிறது, இரண்டாம், மூன்றாம் நாளில் அது உச்சம் தொடும். இந்தக் கொந்தளிப்பை ஒட்டியே நோயெதிர்ப்பில் ஒரு சோர்வும் வரும். கிருமியைப் பிற செல்களுக்கு அடையாளம் காட்டும் மோனோசைட்டுகள், அதற்கு வேண்டிய ஹெச்.எல்.ஏ.-டி.ஆர். மூலக்கூறுகளைக் குறைத்துக்கொள்ளும். பெரிய ஆபரேஷன் ஆனவர்களைத் தொற்று எளிதில் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பித்தப்பையைத் துளை வழியே எடுத்தவர்களுக்கு இந்த இரண்டு புரதங்களும் குறைவாகவே ஏறுவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எடுப்பது அதே பித்தப்பைதான். வயிற்றுச் சுவரின் தசை தப்பிக்கிறது. 1985-இல் ஜெர்மனியில் எரிக் மூஹே முதன்முதலில் துளை வழியே பித்தப்பையை எடுத்தபோது சக சர்ஜன்கள் ஏற்கவில்லை.

அதற்காகத் துளை என்றாலே மேல் என்று நம்பிவிடக் கூடாது. நோயெதிர்ப்பு அதிகம் குலையாவிட்டால் புற்றுநோய் திரும்புவதும் குறையும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். பெருங்குடல் புற்றுநோயில் 2004-இல் வெளிவந்த பெரிய வட அமெரிக்க ஆய்வில் இரு முறைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கருப்பை வாய்ப் புற்றுநோயிலோ நிலைமை தலைகீழ். ஆரம்பக் கட்டத்தில் கருப்பையை எடுத்த பெண்களைப் பற்றிய 2018 ஆய்வில், நாலரை ஆண்டுக்குப் பின் நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தவர்கள் திறந்த முறையில் 96.5 சதவீதம்; துளை முறையில் 86 சதவீதம்.

ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும் முன், "என் நோய்க்கு எந்த முறை நல்லது, ஏன்?" என்று உங்கள் சர்ஜனிடம் தயங்காமல் கேளுங்கள்.